வாகைக்கலத்தின் மூல அண்டா

வன்னியம்பட்டியில், ஓய்வுபெற்ற சுபேதார் சௌந்தரபாண்டியன் வீட்டுப் பரணில் ஒரு பித்தளை அண்டா சுவரைப் பார்த்துக் குப்புறக் கிடந்தது. நூறு பேருக்குச் சோறு வடிக்கிற அண்டா. அது பரணுக்குப் போன பிறகு அந்த வீட்டில் இரண்டு கல்யாணம், மூன்று காதுகுத்து, ஒரு கருமாதி எல்லாம் நடந்துவிட்டன. ஒவ்வொன்றுக்கும் பாத்திரம் வாடகைக்குத்தான் வந்தது. அண்டாவை யாரும் இறக்கவில்லை.

இறக்க முடியாது. அதன் வயிற்றில் பாத்திரக்கடைக்காரர் உளியால் புள்ளி புள்ளியாக வெட்டிக் கொடுத்த எழுத்து இருந்தது: ‘தங்கை வெங்கடேஸ்வரி திருமணத்திற்கு அண்ணன் சௌந்தரபாண்டியன் அன்பளிப்பு, 1989.’ தங்கை ஆலங்குளத்தில் இருந்தாள். அண்டா அண்ணன் வீட்டில் இருந்தது.

அதற்கு ஒரே ஒரு காரணம். கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் அவரை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். பெண்ணுக்குத் தகப்பன் இல்லை, அண்ணன்தான் தகப்பன் இடத்தில் நின்றவன், அதுவும் பட்டாளத்தில் ஹவில்தார். அவருக்கு இரண்டாம் பந்தி. சீர்ப் பாத்திரங்கள் டிராக்டரில் ஏறியாகிவிட்டன. சௌந்தரபாண்டியன் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு நேராக டிராக்டருக்குப் போனார். எல்லாவற்றிலும் பெரியதாக இருந்த அண்டாவை மட்டும் இறக்கச் சொன்னார். ஆலங்குளத்துக்காரர்கள் வந்து முறையாகக் கேட்கட்டும், அனுப்பி வைக்கிறேன் என்றார். அவர்கள் வரவில்லை. தங்கையும் கேட்கவில்லை. லீவு முடிந்து அவர் பட்டாளத்துக்குப் போய்விட்டார்.

அடுத்த லீவில் கொடுக்கலாம் என்று இருந்தார். அதற்கடுத்த லீவில் கொண்டுபோனால், இவ்வளவு நாள் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பார்கள் என்று தோன்றியது. அதற்கும் அடுத்த லீவில் ஊரார் விசாரித்தபோது, நானே வேன் வைத்துக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தேன் என்று சொல்லிவிட்டார். ஊர் நம்பியது. ரேஷன் கடையில் ஒருவன் வரிசை தாண்டினால்கூடச் சட்டையைப் பிடிக்கிற மனிதர் பொய் சொல்வார் என்று யார் நினைப்பார்கள்? அன்றிலிருந்து அவர் ஆலங்குளத்துக்குப் போனதில்லை. தங்கையை மற்றவர்கள் வீட்டு விசேஷங்களில் பார்ப்பார். சுகமா என்பார். அவள் சுகம் என்பாள்.

இப்படிக் கிடந்த அண்டாதான் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் விண்வெளிக்குப் போனது.

அவருடைய மகனோடு கிருஷ்ணன்கோவில் பக்கம் இஞ்சினியரிங் படித்த ஆல்வின் என்ற பையனுக்கு வான்படைக் கதை ஒன்றைப் படமாக எடுத்து இணையத்தில் போட ஆசை. விண்கலம் செய்யப் பெரிய பாத்திரம் ஏதாவது கிடைக்குமா என்று வந்து கேட்டிருக்கிறான். சுபேதார் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பென்ஷன் வேலையாகப் போயிருந்தார். சும்மா கிடப்பதுதானே என்று அவர் மனைவி யோகேஸ்வரி பரணைக் காட்டிவிட்டாள். அண்டாவைச் சாய்த்துப் படுக்க வைத்து, இரண்டு பக்கமும் முறத்தை இறக்கையாகக் கட்டி, முன்னால் நாலு குழி இட்லித் தட்டைப் பீரங்கியாக ஒட்டி, கறுப்புக் கம்பளிக்கு முன்னால் தூண்டில் நரம்பில் தொங்கவிட்டு அதைப் பறக்க வைத்தார்கள். கலத்துக்கு ‘வாகைக்கலம்’ என்று பேர். வாரக் கடைசியில் அண்டா பரணுக்குத் திரும்பி வந்துவிட்டது. சுபேதாருக்கு விஷயமே தெரியாது.

‘துருவப்படை’ என்ற அந்தத் தொடர் பிடித்துக்கொண்டது. சென்னைக் கம்பெனி ஒன்று வாங்கியது. ஏழு பாகம் வந்தது. இரண்டாம் பாகத்திலிருந்து கலங்களெல்லாம் கம்ப்யூட்டரில் பிறந்தவை. ஆனால் எவ்வளவு பெரிய கலமானாலும் அதன் மூக்கில் நாலு குழி இருந்தது, வயிற்றில் புள்ளி வரிசை இருந்தது. முதல் பாகத்தில் நாலே விநாடி தலைகீழாகத் தெரிந்த அந்தப் புள்ளிகளை, ஆதி நட்சத்திர வரைபடம் என்று ரசிகர்கள் முடிவு செய்திருந்தார்கள்.

அங்கேதான் பேரவை பிறந்தது.

ராஜபாளையத்தில், பேண்டேஜ் துணி அடுக்கி வைத்திருக்கும் ஒரு கோடவுனுக்கு மேல்மாடியில், ‘விண்கல வடிவ ஒழுங்குப் பேரவை’ என்று போர்டு தொங்குகிறது. துருவப்படையில் வருகிற கலங்கள் பாகத்துக்குப் பாகம் மாறாமல் இருக்கின்றனவா என்று கண்காணிப்பது அதன் வேலை. யாரும் அந்த வேலையை அதனிடம் கொடுக்கவில்லை. கதவுத் துணைக்குழு, ஜன்னல் துணைக்குழு, புள்ளித் துணைக்குழு என்று பதினோரு துணைக்குழுக்கள் உண்டு. மூன்றாம் பாகத்தில் கலத்தின் மூக்கில் நாலு குழிக்குப் பதில் ஏழு குழி வந்தபோது, பேரவை சென்னைக் கம்பெனிக்குக் கண்டன நோட்டீஸ் அனுப்பியது. ‘தங்கள் கடிதம் கிடைத்தது’ என்று கம்பெனியிலிருந்து ஒரு வரி வந்தது. அந்த வரியைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, மாலை சாத்தி, தலைவர் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார்கள்.

தலைவர் பாண்டிதுரை ஓய்வுபெற்ற நில அளவையர். செயலாளர் மாரிக்கனி ஒரு பாலிடெக்னிக்கில் படம் வரைதல் சொல்லிக்கொடுக்கிறவள். கம்மலைத் தவிர அவள் போட்டிருந்த நகையெல்லாம் அடையாள அட்டைகள்தாம்.

பேரவைக்குள் பெரிய சண்டை ஒன்று நடந்துகொண்டிருந்தது. புள்ளிகள் நானூற்றிப் பன்னிரண்டு என்று ஒரு கட்சி, நானூற்றி ஒன்பது என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே கடையில் டீ குடிப்பதில்லை. ஒரு பக்கத்தில் பெண் எடுத்த மற்றப் பக்கத்துக்காரர் ஒருவர் மாமனார் வீட்டுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். கடைசியில், மூலக்கலம் எது என்று தேடிப்பிடித்து அதிலேயே எண்ணிவிடுவது என்று தீர்மானம் போட்டு, ஆல்வினைப் பெங்களூரில் பிடித்து விசாரித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கொடி கட்டிய வேனில் ஏழு பேராக வன்னியம்பட்டிக்கு வந்து இறங்கினார்கள்.

சுபேதார் முதலில் அவர்களை ரெவின்யூக்காரர்கள் என்று நினைத்துப் பட்டாவை எடுத்து வந்தார். விஷயம் புரிய அரைமணி நேரம் ஆனது. புரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் முதுகு நாற்காலியில் சாய்ந்ததை அன்றைக்குத்தான் யோகேஸ்வரி பார்த்தாள்.

அண்டாவைப் பரணிலிருந்து இறக்கினார்கள். ஏழு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு அதற்கு முன்னால் நின்றார்கள். பாண்டிதுரை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“சுபேதார் ஐயா, முப்பத்தெட்டு வருசம் நிலம் அளந்தவன் நான். நான் அளந்தபடி ஒரு நிலம்கூட இன்னைக்கு அங்க இல்ல. வரப்பு நகரும், கல்லைப் பிடுங்குவான், கோர்ட்டுக்குப் போவான். அதனாலதான் இல்லாத பொருளை அளக்க வந்தேன். இதுல ஒரு இஞ்ச் நகராது.”

அண்டாவை நிமிர்த்தி வைத்தால் எழுத்தைப் படித்துவிடுவார்களே என்று சுபேதார் பயந்தார். ஆனால் அவர்கள் நிமிர்த்தவில்லை. பேரவை விதி ஏழின்படி கலத்தைப் பறக்கும் நிலையில்தான் பார்க்க வேண்டுமாம். நாலு பேர் பிடித்துச் சாய்த்து, புள்ளிகள் தலைகீழாக வரும்படி திருப்பி, அதற்குப் பிறகுதான் டேப்பை எடுத்தார்கள். அடியில் இருந்த நசுங்கல் ஒன்றை மாரிக்கனி பதினாலு தடவை படம் எடுத்தாள். அது டிராக்டரிலிருந்து இறக்கும்போது விழுந்த நசுங்கல். இனி வரப்போகிற எல்லாக் கலங்களுக்கும் அந்த நசுங்கல் இருக்க வேண்டும் என்று அங்கேயே எழுதிக்கொண்டார்கள்.

சுபேதார், அந்தப் புள்ளியெல்லாம் என்னவென்று தெரியுமா என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். மாரிக்கனி குரலைத் தாழ்த்தினாள். ஐந்து வருடத்துக்கு முன்னால் டிராயிங் வாத்தியார் ஒருவர் இது தமிழ் எழுத்து மாதிரி இருக்கிறதே என்று கூட்டத்தில் சொன்னாராம். கலத்தை இழிவுபடுத்தியதற்காக அவரை அன்றே நீக்கிவிட்டார்களாம்.

சுபேதாருக்கு மூச்சு வந்தது. பன்னிரண்டு வருடமாகப் பேரவைக்காரர்கள் நாலாயிரம் பேர் தன் பேரை ஒவ்வொரு புள்ளியாக எண்ணியிருக்கிறார்கள், ஒருவரும் வாசிக்கவில்லை. ஆனால் அந்த நிம்மதி செத்த நேரம்தான் இருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்தில் கல்யாண மண்டபம் பிடித்திருக்கிறோம், எண்ணூறு பேர் வருவார்கள், அண்டாவை மேடையில் தொங்கவிட்டு அந்தப் புள்ளிகளைச் சுவரளவு திரையில் காட்டி எண்ணப் போகிறோம், மூலக்கல உரிமையாளர் என்ற முறையில் ஐயாவுக்கு மரியாதை உண்டு என்று பாண்டிதுரை சொன்னார். எண்ணூறு பேரில் ஒருவன் கழுத்தைத் திருப்பிப் பார்த்தால் போதும்.

முடியாது என்று சொல்லலாம்தான். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். வன்னியம்பட்டியே வேனைச் சுற்றி நின்றுகொண்டிருந்தது. சுபேதார் வீட்டுக்கு மரியாதை செய்ய ஆள் வந்திருக்கிறார்கள் என்று கூட்டத்தில் ஒருவர் பட்டாசுக்கு ஆள் அனுப்பினார். சுபேதார் கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமை மாலை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம், வாசல் கதவைச் சாத்திவிட்டு, நாலு அங்குல ஆணி ஒன்றும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு அண்டாவுக்கு முன்னால் உட்கார்ந்தார். எழுத்தைத் தேய்த்து எடுக்க முடியாது, ஆழமாக வெட்டியிருந்தார்கள். புள்ளியோடு புள்ளி கலந்துவிட்டால் வாசிக்க வராது என்பது அவர் கணக்கு. முதலில் ஆணியை ‘வெங்கடேஸ்வரி’க்கு மேல் வைத்தார்.

யோகேஸ்வரி அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் இந்த வீட்டுக்கு வாழ வந்து நாற்பது வருடம் ஆகிறது. அண்டாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

“அந்தப் புள்ள பேர் மேலயா ஆணி அடிக்கப் போறிய?” என்றாள். “குடுக்காமப் போனது போதாதுன்னு?”

ஆணியை எடுத்துவிட்டார். பிறகு தன் பேருக்கு மேல் வைத்து அடித்தார். முப்பத்தொரு அடி. சௌந்தரபாண்டியன் என்ற இடத்தில் அம்மை வடுப்போல ஒரு கூட்டம் புள்ளிகள் மட்டும் மிஞ்சின. இப்போது வாசிக்கிறவனுக்கு, வெங்கடேஸ்வரிக்கு ஏதோ ஓர் அண்ணன் அன்பளிப்பு என்றுதான் வரும். அது இன்னும் மோசமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். மேடையில் மணமக்கள் உட்காருகிற இடத்துக்கு மேலே, கொக்கியில் நைலான் கயிறு போட்டு அண்டாவைப் பறக்க விட்டிருந்தார்கள். நானூற்றிப் பன்னிரண்டுக் கட்சி வலது பக்கமும் நானூற்றி ஒன்பதுக் கட்சி இடது பக்கமும் உட்கார்ந்திருந்தன. நடுவில் கயிறு கட்டியிருந்தது. உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள்: ‘மாறாததை மாற்றேன், மாற்றியதைப் பொறுத்துக்கொள்ளேன்.’ சுபேதாருக்குச் சால்வை போர்த்தினார்கள். முதல் பந்தி, முதல் இலை அவருக்குத்தான் என்று மைக்கில் அறிவித்தார்கள்.

அப்போதுதான் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் வெங்கடேஸ்வரியைப் பார்த்தார். பேரவை நோட்டீஸில் அண்டா படத்தோடு அவர் படத்தையும் போட்டு ஊரெல்லாம் வாட்ஸ்அப்பில் விட்டிருந்தார்கள். அவள் தனியாக வந்திருந்தாள். தலையைச் சாய்க்காமலே, திரையில் தலைகீழாக நின்ற எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொந்தப் பேரைப் படிக்க யாருக்கும் கழுத்தைத் திருப்ப வேண்டியதில்லை. கண் வரிசையாக நகர்ந்து போய், தன் அண்ணன் பேர் இருக்க வேண்டிய இடத்தில் நின்றுவிட்டது. சுபேதார் சால்வையை இழுத்து விட்டுக்கொண்டார்.

மாரிக்கனி சிவப்பு விளக்குக் குச்சியால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டு எண்ணினாள். நானூற்றி ஒன்பது தாண்டியபோது இடது பக்கம் எழுந்து நின்றது. நானூற்றிப் பன்னிரண்டு தாண்டியபோது வலது பக்கமும் எழுந்து நின்றது. அவள் நிற்காமல் நானூற்று நாற்பத்தாறில் போய் முடித்தாள்.

ஏழு பாகமும் தப்பு என்று யாரோ ஒருவர் மெதுவாகச் சொன்னார். ஒரு லெக்சரர் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். அடுத்த நிமிடம் இரண்டு கட்சியும் நடுக்கயிற்றை அறுத்துக்கொண்டு, நீதான் புள்ளியைச் சேர்த்தாய் என்று ஒருவரை ஒருவர் அடையாள அட்டையைப் பிடித்து இழுத்தார்கள். கதவுத் துணைக்குழுத் தலைவர் ஜன்னல் துணைக்குழுத் தலைவரை வாழைமரத்தோடு சேர்த்துத் தள்ளினார். கலத்தில் புதுப்புள்ளி சேர்த்தவரை ஆயுளுக்கும் விலக்க வேண்டும் என்றும், சந்தேகப்படுகிற நாற்பது பேரை இன்றைக்கே விலக்கி வைப்போம் என்றும் பாண்டிதுரை மேஜையைத் தட்டினார்.

தாங்கள் செய்யாத தப்புக்கு நாற்பது பேர் தலைகுனிந்து வெளியே போகப் போகிறார்கள். சுபேதார் எழுந்தார். பரேடில் நடக்கிற மாதிரி நடந்துபோய் மைக்கைப் பிடித்தார். தங்கை இருந்த பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

“அந்தப் புள்ளி நான் அடிச்சது” என்றார். “முப்பத்தொண்ணு. ஆணியால அடிச்சேன். என் பேரு வெளிய தெரியக்கூடாதுன்னு. இது நட்சத்திரமும் இல்ல ஒண்ணும் இல்ல. எழுத்து. என் தங்கச்சிக்கு...”

மைக் நின்றுவிட்டது. பாண்டிதுரையே ஒயரைப் பிடுங்கியிருந்தார். அதற்கு மேல் சுபேதார் சொன்னது முன்வரிசைகளுக்கு மட்டும்தான் கேட்டது: இது என் தங்கச்சி சீர் அண்டா, நான் குடுக்கலை.

பாண்டிதுரை ஒயரைத் தன் பக்கம் செருகிக்கொண்டார். “பெரியவர் சொன்னது சபைக் குறிப்பில் ஏறாது” என்றார். “எழுத்துன்னு ஒத்துக்கிட்டா அர்த்தம் வந்துரும். அர்த்தம் வந்துட்டா எண்ண வேண்டிய அவசியம் இல்லாமப் போயிரும். எண்ண வேண்டாம்னா பேரவை எதுக்கு? கொஞ்சம் யோசிக்கணும்.” எல்லோரும் யோசித்துவிட்டுக் கை தட்டினார்கள்.

சுபேதார் நின்ற இடத்திலேயே நின்றார். முப்பத்தைந்து வருடம் நெஞ்சில் கிடந்ததைச் சொல்லியாகிவிட்டது. சொன்னது சபைக்கு ஏறவில்லை. கேட்க வேண்டியவள் மட்டும் கேட்டுவிட்டாள்.

வெங்கடேஸ்வரி எழுந்து மேடைக்கு வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அண்ணனைப் பார்க்காமல் பாண்டிதுரையைப் பார்த்துப் பேசினாள்.

“ஐயா, எங்க அண்ணனுக்கு வயசாயிருச்சு. ஞாபகமில்லாமப் பேசுதாவ. என் சீர் அண்டா ஆலங்குளத்துல எங்க வீட்டுலதான் இருக்கு. அவிய அப்பவே குடுத்தாச்சு.”

பாண்டிதுரை வேறு எதையோ பிடித்துக்கொண்டார். அதிலும் இதுபோலப் புள்ளி உண்டா என்று கேட்டார். உண்டு என்றாள்.

மண்டபமே எழுந்து நின்றது. இரண்டாம் பாகத்தில் வாகைக்கலத்துக்குப் பக்கத்தில் அதேபோல இன்னொரு கலம் ஒரு விநாடி தெரியும். அது என்ன கலம் என்று பேரவை பதினோரு வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர்காரன் தெரியாமல் இரண்டு தடவை அமுக்கிவிட்டான் என்று கம்பெனி சொன்னதைப் பேரவை ஏற்கவில்லை. இப்போது இணைக்கலம் கிடைத்துவிட்டது. எல்லாக் குழப்பத்துக்கும் அதுதான் விடை என்று பதினோரு நிமிடத்தில் தீர்மானம் நிறைவேறியது. முதல் பந்தியைக்கூடப் போடாமல் வேனைக் கிளப்பினார்கள்.

வேனில் அண்ணனும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இல்லாத அண்டாவை இருக்கிறது என்று சொல்லிவிட்டாள், மாப்பிள்ளை வீட்டில் போய் எதைக் காட்டுவாள் என்று அவர் நினைத்தார். குனிந்து, ஏன் இப்படிச் சொன்னே, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல, இறங்கிருவோம் என்றார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, வாங்கண்ணே, வந்து பாருங்க என்றாள்.

ஆலங்குளத்தில் சிமெண்டுத் தூசி வேப்பிலையில்கூடப் படிந்திருந்தது. மாப்பிள்ளை கண்ணுச்சாமி, சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை பார்த்து ஓய்ந்த மனிதர், வாசலுக்கு வந்து, “வாங்க மச்சான்” என்றார். இத்தனை வருடம் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. நேற்று வந்துபோனவரைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டார்.

முன்கூடமான பட்டாசாலை நடுவில் அண்டா இருந்தது. புளி போட்டு விளக்கி, பித்தளை முகம் தெரிகிற மாதிரி இருந்தது. நிமிர்ந்து நின்றதால் எழுத்து நேராகத் தெரிந்தது: ‘தங்கை வெங்கடேஸ்வரி திருமணத்திற்கு அண்ணன் சௌந்தரபாண்டியன் அன்பளிப்பு, 1989.’ அவர் பேரில் மட்டும் தேய்த்துத் தேய்த்துப் புள்ளிகள் மழுங்கியிருந்தன.

கண்ணுச்சாமி அதைத் தட்டிக் காட்டினார். “ஒங்க அண்டாதான் மச்சான், இந்தத் தெருவுல எல்லா விசேசத்துக்கும் போவுது. கல்யாணத்தன்னிக்கு வரலைன்னதும் எங்க ஆத்தா ஒங்களை என்னெல்லாம் ஏசுனா தெரியுமா? பொறவு ரெண்டு வருசம் கழிச்சு வேன்ல வந்து இறங்குச்சு பாருங்க, அன்னிக்கோட வாயை மூடிக்கிட்டா. சாகுறவரைக்கும், பட்டாளத்தான் சொன்னா சொன்னதுதான்னு ஒங்க பேச்சாத்தான் இருந்தா.”

பேரவைக்காரர்கள் அண்டாவைப் பறக்கும் நிலைக்குச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். சுபேதார் தங்கையைத் தேடிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். அவள் டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். அவளாகச் சொன்னாள்.

“தீப்பெட்டி ஆபீஸ்ல ரெண்டு வருசம் குச்சி அடுக்குனேண்ணே. வில்லிபுத்தூர்ல நீங்க வாங்குன அதே கடைதான். அதே மாதிரி வெட்டித் தாங்கன்னேன். வேன்ல ஏத்தி விட்டுட்டு, நான் முன்னாடி பஸ்ஸைப் பிடிச்சு வந்து, ஒண்ணும் தெரியாத மாதிரி வாசல்ல நின்னுக்கிட்டேன். இந்த வீட்டுல ஒரு ஆள் ஒங்களைக் கொறைச்சுப் பேசிரக் கூடாதுன்னு.”

அவர் அங்கே கிடந்த மணையில் உட்கார்ந்தார்.

“இன்னிக்கு மண்டபத்துல அம்புட்டுப் பேருக்கு முன்னால போட்டு உடைச்சிட்டீகளே” என்றாள். குரலில் கோபம் இல்லை. “நல்லவேளை மைக்கைப் பிடுங்கிட்டாவ.”

பட்டாசாலையில் எண்ணிக்கை முடிந்துவிட்டது. வலது பக்கக் கட்சி எண்ணியதில் நானூற்றிப் பன்னிரண்டும், இடது பக்கக் கட்சி எண்ணியதில் நானூற்றி ஒன்பதும் வந்தன. இரண்டு கட்சியும் ஜெயித்துவிட்டதால் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மாமனார் வீட்டுக்குப் போகாமல் இருந்தவர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். இனி இணைக்கலம்தான் மெய்க்கலம், வன்னியம்பட்டிக் கலம் பிற்காலத் திருத்தம் உள்ள போலி என்று பாண்டிதுரை அறிவித்தார். வன்னியம்பட்டிக் கலத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம் என்றும் சொன்னார்.

மாரிக்கனி படிவத்தை எடுத்தாள். மெய்க்கலத்துக்குக் கொடுத்தவர் சான்று வேண்டும், கொடுத்தவர் இங்கேயே இருப்பது பேரவையின் பாக்கியம் என்றாள். கேள்விகளைச் சத்தமாகவே வாசித்தாள். கலத்தைக் கொடுத்தவர் பெயர். கொடுத்த வருடம். நேரில் வந்து கொடுத்தாரா. மனமுவந்து கொடுத்தாரா. வாங்கியவருக்கு என்ன உறவு.

கண்ணுச்சாமி பெருமையாகப் பக்கத்தில் வந்து நின்றார். தெருவில் இருந்த ஏழெட்டுப் பேர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். சுபேதார் பேனாவை வாங்கிக்கொண்டு நின்றார். அவர் தன் ஆயுளில் பொய்யான காகிதத்தில் கையெழுத்துப் போட்டதில்லை என்று பலரிடம் சொல்லியிருக்கிறார். அது உண்மைதான். இதுவரைக்கும் பொய்யெல்லாம் வாயால் சொன்னதுதான்.

வெங்கடேஸ்வரி டீத் தட்டோடு வந்தாள். முதல் டம்ளரை அண்ணனுக்கு நீட்டினாள்.

“எழுதுங்கண்ணே” என்றாள். “அதுல ஒங்க பேருதான் இருக்கு.”

அவர் எழுதினார். கொடுத்தவர், சௌந்தரபாண்டியன். நேரில் கொடுத்தாரா, ஆம். மனமுவந்து கொடுத்தாரா, ஆம். உறவு என்ற இடத்தில் அண்ணன் என்று எழுதும்போது எழுத்து கோட்டைவிட்டு இறங்கிவிட்டது. கீழே கையெழுத்துப் போட்டு, காகிதத்தை யாரையும் பார்க்காமல் நீட்டினார்.

பாண்டிதுரை கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மூன்று பிரதி வேண்டும் ஐயா, மூன்றும் அச்சுப்போல ஒன்றாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் கொள்கையே என்றார். பிறகு ‘அண்ணன்’ என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார்.

“இது மட்டும் கோணிப்போச்சு. முதல்லேருந்து எழுதுங்க.”

மாரிக்கனி மூன்று புதுப் படிவங்களை மெய்க்கலத்தின் மேல் பரப்பி வைத்தாள். சுபேதார் குனிந்து, முதல் வரியிலிருந்து மறுபடியும் எழுத ஆரம்பித்தார்.